கூர்மண்டையன் பிறந்த கதை

மலையகத்து றொசல்லைக்கு வந்து சேர்ந்த ஸ்பைடர் சித்திரக்கதைப் புத்தகம் எதற்கும் முதல் பக்கம் இருந்ததில்லை. அட்டை போயிருக்கும். அட்டையோடு ஒட்டிய இரண்டு தாளும் போயிருக்கும். ஹட்டனில் யாரோ காசு கொடுத்து வாங்கியது கொட்டகலைப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றி, மாமன் மகன் ஒருவனின் உடுப்புப் பைக்குள் ரயிலேறி, எங்கள் லயத்து இஸ்தோப்புக்கு வரும்போது நடுப்பாகம்தான் மிச்சம். வட்டவளைப் பக்கத்து மழை எப்படிப்பட்டது என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆனி, ஆடியில் வெளியே தலை நீட்ட முடியாது. குப்பி லாம்பைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் படம் பார்ப்போம்.

பிறகு சண்டை வரும். இவன் நல்லவனா, கெட்டவனா? ஒரு புத்தகத்தில் நகைகளை அள்ளிக்கொண்டு பொலிஸைப் பார்த்துச் சிரிக்கிறான். இன்னொன்றில் அதே கூர்க்காது, அதே கறுப்புச் சட்டை, நியூயோர்க் நகரத்தையே காப்பாற்றிக்கொண்டிருக்கிறான். வயதில் மூத்த ஓர் அண்ணன் ஒருநாள் தீர்ப்புச் சொன்னார்: "அவன் கள்ளன்தான்டா. ஆனா மத்த கள்ளனுங்களுக்கு அவன் எமன்." அந்தத் தீர்ப்பு எவ்வளவு சரியானது என்பது, ஸ்பைடர் பிறந்த கதையைத் தேடிப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

ஸ்பைடர்-மேனோடு இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது அமெரிக்கப் பிள்ளை, 1962இல் பிறந்தது. நம்முடைய ஸ்பைடர் லண்டன்காரர். 'லயன்' என்ற ஆங்கிலச் சிறுவர் வார இதழில் 1965 ஜூன் 26ஆம் திகதி முதன்முதலாகத் தலைகாட்டினார். எழுதியவர் டெட் கோவன். வரைந்தவர் ரெஜ் பன். ரெஜ் பன் அதற்கு முன் ரொபின் ஹூட் கதைகளை வரைந்து பெயர் எடுத்தவர். பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்த திருடனை வரைந்த கை, பறித்ததை யாருக்கும் கொடுக்காத ஒருவனை வரைய உட்கார்ந்தது. மெல்லிய கோடுகளை நெருக்கி நெருக்கிப் போட்டு நிழல் எழுப்பும் அவருடைய பாணிதான் ஸ்பைடருக்குப் பாதி உயிர். நெற்றியின் நடுவில் ஆணி போல இறங்கும் முடி, மேல்நோக்கிக் கூர்ந்த காது, உடம்போடு ஒட்டிய கறுப்பு உடை, முதுகில் பறக்கும் கருவி, கையில் வலை பாய்ச்சும் துப்பாக்கி. தமிழ் வாசகர்கள் பின்னாளில் செல்லமாகக் கூர்மண்டையர் என்று கூப்பிட்டது சும்மா இல்லை.

ஒரு விசித்திரம்: இந்த மனிதனுக்குக் கதைக்குள் பிறப்பே கிடையாது. சொந்தப் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, தாய் தகப்பன் தெரியாது. சிறு வயதில் யாரோ அடித்ததால் கெட்டுப்போனான் என்ற சமாதானம் எதுவும் இல்லை. வரும்போதே வில்லனாக வருகிறான். அவனுக்கு வேண்டியது பணம்கூட இல்லை, பட்டம். குற்றவாளிகளின் இராசா தான்தான் என்று உலகம் ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்காக ஒரு படை திரட்டப் புறப்படுகிறான். பூட்டு உடைப்பதில் கெட்டிக்காரனான ரோய் ஓர்டினி, மூளையைத் தப்பு வழிக்கு விற்கத் துணிந்த விஞ்ஞானி பெல்ஹாம் என்று முதலில் இரண்டு பேரைப் பிடிக்கிறான். எதிரே கில்மோர், டிராஸ்க் என்று இரண்டு பொலிஸ் அதிகாரிகள். நியாயப்படி கதாநாயகர்களாக இருந்திருக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். இன்று அந்தப் பெயர்களைச் சொன்னால் எத்தனை பேருக்கு முகம் ஞாபகம் வரும்?

ஒரு சிறுவர் இதழ் இப்படிச் செய்தது அந்தக் காலத்தில் லேசான காரியம் அல்ல. 1954இல் அமெரிக்கச் சித்திரக்கதை வெளியீட்டாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு கட்டுப்பாட்டு விதித் தொகுப்பு போட்டுக்கொண்டார்கள். குற்றவாளிமேல் வாசகனுக்கு இரக்கம் பிறக்கக்கூடாது, முடிவில் தீமை தோற்க வேண்டும் என்பது அதன் சாரம். பிரித்தானியாவில் 1955இல் சிறுவருக்குத் தீங்கான வெளியீடுகளைத் தடுக்கச் சட்டமே வந்தது. பத்து வருடம் கழித்து, அதே ஊரில் ஒரு வார இதழ், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் ஒரு முழுக் கள்ளனைக் கதாநாயகனாகக் கொடுத்தது.

கொடுத்த கையோடு மாட்டிக்கொண்டது என்றும் சொல்ல வேண்டும். வாரத்துக்குச் சில பக்கங்கள் மட்டும் ஓடும் தொடர்கதையை நினைத்துப் பாருங்கள். கதாநாயகன் திருடன். அவன் பிடிபட்டால் அடுத்த வாரம் தொடர் இல்லை. அவன் ஜெயித்தால், களவு எடுத்தால் இராசாவாகலாம் என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததாக ஆகும். அந்தப் பழியை எந்த ஆசிரியர் ஏற்பார்? பிடிபடவும் கூடாது, ஜெயிக்கவும் கூடாது. வாரம் தவறாமல் இந்த நூலின்மேல் எத்தனை மாதம் நடப்பது? பெரிய நாவலிலே வில்லனைக் கடைசி அத்தியாயத்தில் கொன்றுவிட்டுப் புத்தகத்தை மூடலாம். வார இதழுக்குக் கடைசி அத்தியாயமே கிடையாது, விற்கிறவரை ஓடியாக வேண்டும்.

வெளியேற ஒரே வழிதான் இருந்தது. திருடனுக்கு எதிராக இன்னொரு திருடனை நிறுத்துவது. டெட் கோவன் எழுதிய காலத்திலேயே இதற்கு அடி எடுத்தாயிற்று. கண்ணாடி மனிதன் என்ற போட்டியாளன் ஒருவன் வருகிறான். ஸ்பைடர் அவனோடு மோதும்போது வாசகனுக்கு ஒரு நிம்மதி: இவன் தோற்கடிப்பது ஒரு கள்ளனைத்தானே, பொலிஸை அல்லவே! ஆனால் ஸ்பைடரின் நோக்கம் அப்போதும் மாறவில்லை. பட்டத்துக்குப் போட்டி வந்தது, போட்டியை ஒழித்தான், அவ்வளவுதான்.

முழுத் திருப்பம் வேறொருவர் கையால் நடந்தது. அவர் பெயர் ஜெரி சீகல். சுப்பர்மேனைப் படைத்த இருவரில் எழுத்துக்காரர்.

அந்தக் காலத்துப் பிரித்தானிய வார இதழ்கள் எழுதியவர் பெயரையோ வரைந்தவர் பெயரையோ பெரும்பாலும் அச்சிடுவதில்லை. ஆகவே 1966இல் லண்டனிலே சில்லறை கொடுத்து லயன் வாங்கிய ஒரு பையனுக்கு, தான் வாசிப்பது சுப்பர்மேனைப் படைத்தவர் எழுதிய வசனம் என்று தெரிந்திருக்க நியாயம் இல்லை. சீகல் அங்கே வந்து சேர்ந்ததே பெரிய துயரக் கதை. 1938இல் அவரும் ஓவியர் ஜோ ஷஸ்டரும் சுப்பர்மேனின் உரிமையை 130 டொலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். கொம்பனி கோடி கோடியாகச் சம்பாதித்தது. 1947இல் வழக்குப் போட்டு உரிமையை இழந்தார்கள். பிறகு கொஞ்சக் காலம் அதே கொம்பனிக்கே பெயர் போடாமல் கூலிக்கு எழுதிக் கொடுத்தார் சீகல். அறுபதுகளின் நடுவில் மறுபடியும் உரிமை கேட்கப் போய், அந்த வேலையும் போயிற்று. 1975இல்தான், ஊர் உலகம் சத்தம் போட்ட பிறகு, இருவருக்கும் வருடத்துக்கு 20,000 டொலர் கொடுக்கவும் பெயரைத் திரும்பப் போடவும் கொம்பனி ஒத்துக்கொண்டது. நடுவே பிழைப்புக்குக் கிடைத்த வேலைகளில் ஒன்று, கடல் கடந்து ஒரு கூர்மண்டைக் கள்ளனுக்கு வாரா வாரம் கதை எழுதுவது.

இங்கேதான் விஷயம் சுவைக்கிறது. சீகல் ஒரு வில்லனை நல்லவனாக்கியது இது முதல் தடவை அல்ல. 1933 ஜனவரியில், கிளீவ்லாந்து நகரில், பதினெட்டு வயதுப் பையனாக இருந்தபோது, சொந்தமாக நடத்திய சிறு இதழில் ஒரு கதை வெளியிட்டார். ஷஸ்டர் படம் போட்டார். அதிலே சுப்பர்மேன் என்பவன் மொட்டைத் தலை வில்லன். பஞ்ச காலத்தில் சாப்பாட்டு வரிசையில் நின்ற ஓர் ஏழையை ஒரு விஞ்ஞானி ஆசைகாட்டி அழைத்துப்போய் மருந்து கொடுக்கிறான். அந்த ஏழைக்கு மற்றவர் மனத்தை அறியும் சக்தி வருகிறது. உலகத்தையே ஆளப் பார்க்கிறான். மருந்தின் வேகம் இறங்கியதும் பழையபடி வரிசைக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. அந்தக் கதையை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. அதே பெயரை ஒரு நல்லவனுக்குச் சூட்டினால் விலைபோகும் என்ற எண்ணம் பிற்பாடுதான் வந்தது. 1938இல் வந்த நீல உடைக்காரன் அந்த மொட்டை வில்லனின் மறுபிறப்பு.

சீகலின் தகப்பனார் 1932இல் தம் துணிக்கடையில் நடந்த ஒரு திருட்டின்போது மாரடைப்பால் இறந்தார். குண்டு துளைக்காத நாயகன் பிறந்தது அந்தத் துக்கத்தில்தான் என்று எழுதுகிறவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் அந்த மரணத்துக்குப் பிறகு சீகல் முதலில் எழுதியது வில்லன் சுப்பர்மேனைத்தான் என்பதை அவர்கள் கொஞ்சம் வேகமாகத் தாண்டிப் போகிறார்கள்.

ஆக, முப்பது வருடம் கழித்து அதே கணக்கு அதே ஆளின் மேசைக்கு வந்தது. இந்த முறை அவர் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஆளை மாற்றவில்லை, ஆளை வைத்துக்கொண்டு எதிரியை மாற்றினார். அதுதான் என் பார்வையில் அவருடைய சாமர்த்தியம். ஸ்பைடர் திருந்துவதில்லை. கண்ணீர் விடுவதில்லை. செத்துப்போன தாயின் படத்தின் முன் சத்தியம் செய்வதில்லை. தமிழ்ப்படமாக இருந்திருந்தால் இடைவேளைக்குள் இதெல்லாம் முடிந்திருக்கும். பொலிஸைத் தோற்கடிப்பது அவனுக்குச் சலித்துவிடுகிறது. தனக்குச் சமமான மூளை வேறெங்கும் இல்லை, பெரிய குற்றவாளிகளிடம்தான் இருக்கிறது, மோதினால் அவர்களோடு மோத வேண்டும் என்று கண்டுபிடிக்கிறான். திமிர் அப்படியே இருக்கிறது, தன்னைத் தானே புகழ்ந்துகொள்வதும் அப்படியே இருக்கிறது, ஓர்டினியையும் பெல்ஹாமையும் வேலைக்காரர் போல விரட்டுவதும் அப்படியே. குணத்தில் ஓர் அணுகூட மாறாமல், நிற்கும் பக்கம் மட்டும் மாறிய வில்லன் அவன்.

பிறகு எதிரிகள் வரிசையாக வந்தார்கள். டொக்டர் மிஸ்டீரியோசோ, செயற்கை மனிதர்களை ஆளும் பேரரசன், எழுவர் கூட்டம், ஸ்பைடரைப் போலவே வேஷம் போட்ட ஒரு பொடியன். சீகல் போகப் போகக் கற்பனைக் கடிவாளத்தை விட்டுவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். முதல் வருடத்து ஸ்பைடரில் இருந்த இருட்டு, பெட்டகம் உடைக்கும் நள்ளிரவு, யார் காட்டிக்கொடுப்பானோ என்ற பயம், இதெல்லாம் குறைந்து, கதிர்களும் பூதங்களும் பறக்கும் யந்திரங்களும் நிறைந்துவிட்டன. ரெஜ் பன்னின் நிழற்கோடு மட்டும் கடைசிவரை அந்த இருட்டைப் பிடித்து வைத்திருந்தது. எழுத்து பகலுக்கு வந்துவிட்டது, படம் இரவிலேயே இருந்தது. 1969 ஏப்ரலில் லயனில் ஸ்பைடர் தொடர் நின்றது. 1971இல் ரெஜ் பன் காலமானார்.

இதே காலத்தில் இன்னொரு வில்லன் வேறொரு கதவால் நல்லவனாகியிருந்தான். அவனை நம் ஆட்களுக்கு அறிமுகம் செய்யவே தேவையில்லை: இரும்புக்கை மாயாவி. 1962 ஒக்டோபர் 6ஆம் திகதி 'வேலியன்ட்' வார இதழின் முதல் இதழிலேயே லூயிஸ் கிராண்டல் என்ற பெயரில் வந்தவன். எழுதியவர் கென் புல்மர், வரைந்தவர் பார்சலோனாக்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. கிராண்டல் ஒரு கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்ட ஆய்வுகூட உதவியாளன். ஒரு விபத்தில் உயர் மின்னழுத்தம் பாய, உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் தெரிகிறது. மறைய முடிந்த மனிதன் முதலில் என்ன செய்வான்? கொள்ளையடிக்கிறான். ஊரை மிரட்டுகிறான். பின்னாளில், விபத்தினால் புத்தி கலங்கித்தான் அப்படி நடந்துகொண்டான் என்று சொல்லி அவனை மன்னித்து, 'நிழற்படை' என்ற உளவு நிறுவனத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாயாவிக்கு வருத்தம் என்ற சான்றிதழ் கிடைத்தது. குற்றம் அவனுடையது அல்ல, மின்சாரத்தினுடையது. ஸ்பைடருக்கு அப்படி எந்தச் சான்றிதழும் இல்லை, கேட்கவும் மாட்டான். மாயாவியை மன்னித்ததோடு அவனிடம் இருந்த பயங்கரமும் போய்விட்டது. நல்ல உத்தியோகத்தரானான், அவ்வளவுதான். ஸ்பைடர் பக்கம் மாறிய பிறகும், இவன் நாளைக்கு என்ன செய்வானோ என்ற சந்தேகம் வாசகனை விட்டுப் போகவில்லை. எனக்கு ஸ்பைடரின் வழிதான் பிடிக்கும்.

எல்லா வில்லனும் இப்படி மாறியாக வேண்டும் என்று விதி இல்லை என்பதற்கு இத்தாலியில் அத்தாட்சி இருக்கிறது. மிலான் நகரத்துச் சகோதரிகள் அஞ்சேலா, லூசியானா ஜியுஸானி 1962 நவம்பரில் 'டயபாலிக்' என்ற சிறு புத்தக வரிசையைத் தொடங்கினார்கள். முகமூடித் திருடன். இன்றுவரை திருடிக்கொண்டுதான் இருக்கிறான். காலம் போகப் போகக் கொலை குறைந்தது, தனக்கென ஒரு நெறி வந்தது, ஆனால் தொழிலை விடவில்லை. அது பெரியவர்களுக்கான புத்தகம், ஒவ்வொரு இதழிலும் ஒரு முழுக் கதை முடிந்துவிடும். வாரத் தொடரின் இடுக்கில் அவன் மாட்டவில்லை. ஸ்பைடரைத் திருப்பியது மனச்சாட்சி இல்லை, அச்சுக்கூடத்தின் அட்டவணை என்று நான் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, ஸ்பைடர் தமிழ் பேசத் தொடங்கிய சிவகாசி.

1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தன் முதல் இதழை வெளியிட்டது. தலைப்பே 'இரும்புக்கை மாயாவி'. வெளியிட்டவர் சௌந்திரபாண்டியன், ஆசிரியப் பொறுப்பில் முல்லை தங்கராசன். பன்னிரண்டு வருடம் கழித்து, 1984 ஜூலையில், சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன், மீசை முளைக்கும் வயதில் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். ஸ்பைடர் பிறந்த லண்டன் இதழின் பெயரும் லயன், ஸ்பைடர் தமிழ் பேசிய சிவகாசி இதழின் பெயரும் லயன். முதல் இதழ் மாடஸ்டி என்ற பெண் சாகசக்காரியின் கதை. அது எதிர்பார்த்த அளவு ஓடவில்லை. அதே வருடம் 'எத்தனுக்கு எத்தன்' என்ற தலைப்போடு ஸ்பைடர் வந்த பிறகுதான் இதழ் நிமிர்ந்தது.

லண்டனில் வார இதழின் பெரிய தாளில் நெருக்கிப் போட்ட கட்டங்கள், சிவகாசியில் கைக்கு அடக்கமான சிறு புத்தகத்தின் பக்கங்களுக்கு வந்தன. வாரம் வாரம் மூச்சை நிறுத்தி வைத்த இடங்கள் எல்லாம் ஒரே மூச்சில் ஓடின. லண்டன் பிள்ளைகள் சனிக்கிழமைவரை காத்திருந்து அனுபவித்த பயத்தை நாங்கள் ஒரு மாலையில் விழுங்கினோம். வசனமும் வேறு உருவம் எடுத்தது. சீகல் எழுதிய தற்பெருமை ஆங்கிலத்தில் கொஞ்சம் கோமாளித்தனமாகத்தான் ஒலிக்கும். தமிழுக்கு வந்ததும் அதற்கு மேடை கிடைத்துவிட்டது. இராசபார்ட் வசனத்தையும் கூத்து வரவில் அரசன் தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்வதையும் கேட்டு வளர்ந்த காதுக்கு, ஒருவன் நடுச்சபையில் நின்று 'நான் யார் தெரியுமா' என்பது கோமாளித்தனம் இல்லை, அது மரபு. 'குற்றச் சக்கரவர்த்தி' என்ற பட்டத்தைச் சிவகாசி கொடுத்தது. பின்னால் 'நீதிக்காவலன் ஸ்பைடர்' என்று தலைப்பே வைத்தது. இரண்டு பட்டமும் ஒரே ஆளுக்கு.

எங்கள் பக்கம் இந்தப் புத்தகங்கள் வந்த வழி இன்னும் கோணல். எழுபதுகளின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்கு இலங்கையில் கட்டுப்பாடு இருந்தது. முத்து காமிக்ஸின் முதல் வருடங்கள் அந்தக் கட்டுப்பாட்டுக் காலத்தில் விழுந்தன. 1977க்குப் பிறகு கதவு திறந்தது, புத்தகங்கள் கடைகளில் தொங்கின. இன்னொரு வழி, ஆட்கள். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி மலையகத் தமிழரில் 525,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டது. வருடக்கணக்காக லயங்களில் இருந்து குடும்பம் குடும்பமாகத் தலைமன்னாருக்கு ரயிலேறினார்கள். கூடலூர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைக்குப் போன உறவுகளிடமிருந்து கடிதம் வரும், எப்போதாவது ஆள் வரும், ஆள் வந்தால் பையில் புத்தகம் வரும். ஸ்பைடர் தமிழில் பிறந்த 1984இல்தான், யுத்தத்தால், தலைமன்னார் - இராமேஸ்வரம் கப்பலும் நின்றது. அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் கொழும்பு சுற்றி வந்தவை, மாதம் மாறி, வரிசை மாறி.

வரிசை மாறியது என்பது சின்ன விஷயம் இல்லை. லண்டன் பையன் 1965இல் கள்ளனைச் சந்தித்தான், அடுத்த சில வருடங்களில் அவன் காவலனாவதைப் பார்த்தான். அவனுக்கு அது ஒரு நேர்கோடு. எங்களுக்குக் கோடு கிடையாது. இந்த மாதம் காவலன், அடுத்த மாதம் கள்ளன், அதற்கடுத்த மாதம் அட்டை இல்லாத ஏதோ ஒன்று. நகரத்தைக் காப்பாற்றியவன் திடீரென நகைக்கடைக்குள் நிற்பான். அவன் திருந்தினான் என்று ஒருபோதும் எங்களுக்குத் தெரியாததால், அவன் கெட்டுப்போகவும் முடியவில்லை. இரண்டும் ஒரே உடம்பில் ஒரே நேரத்தில் இருந்தன. சீகல்கூட அப்படி ஒரு ஸ்பைடரை எழுதவில்லை. தபாலும் கப்பலும் கிழிந்த தாளும் சேர்ந்து எழுதிய ஸ்பைடர் அது, என்னைக் கேட்டால் மூலத்தைவிட ஆழமானவன்.

இலங்கையில் வில்லனைப் பற்றி எழுதிக்கொண்டு இராவணனைத் தொடாமல் போவது கஷ்டம். றொசல்லையில் ரயிலேறி நானுஓயாவில் இறங்கினால் நுவரெலியா, அதைத் தாண்டினால் சீதாஎலிய, அங்கே சீதையம்மன் கோயில். 1958இல் 'சம்பூர்ண ராமாயணம்' படத்தில் டி. கே. பகவதி நடித்த இராவணன் வீணை தெரிந்த சங்கீத ஞானி. அறுபதுகளில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மேடையேற்றிய 'இராவணேசன்' கூத்தில் மௌனகுரு ஆடிய இராவணன், தன் அகங்காரத்தாலேயே அழியும் துன்பியல் நாயகன். ஸ்பைடரின் முதல் வருடத்தோடு ஏறக்குறைய ஒரே காலம் அது. ஆனால் ஒப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இராவணனை மாற்றியவர்கள் கவிஞர்கள், அரசியல்காரர்கள், பேராசிரியர்கள், அதற்கு நூற்றாண்டுகள் பிடித்தன. ஒவ்வொருவருக்கும் அவனைக் கொண்டு சொல்ல ஒரு கட்சி இருந்தது. ஸ்பைடரை மாற்ற ஒரு வருடமும் ஒரு கூலி எழுத்தாளரும் போதுமானதாக இருந்தது. அவனைக் கொண்டு யாரும் எதையும் நிரூபிக்க நினைக்கவில்லை. எப்படியாவது அடுத்த வாரம் வர வேண்டும், அவ்வளவுதான் நோக்கம்.

நோக்கம் மாறினால் வில்லனும் மாறுவான் என்பதை 2005 காட்டியது. அந்த வருடம் அமெரிக்காவில் 'ஆல்பியன்' என்ற ஆறு இதழ்த் தொடர் தொடங்கியது. கதைக்கரு எழுத்தாளர் ஆலன் மூருடையது. எழுதியவர்கள் அவருடைய மகள் லியா மூரும் அவர் கணவர் ஜோன் ரெப்பியனும். வரைந்தவர் ஷேன் ஓக்லி. பழைய பிரித்தானியச் சித்திரக்கதைப் பாத்திரங்கள் எல்லாம் நிஜ மனிதர்கள், அரசாங்கம் அவர்களை இரகசியமாகச் சிறைபிடித்து வைத்திருக்கிறது என்பது கரு. கிராண்டல் அங்கே இருக்கிறார். ஸ்பைடரும் இருக்கிறான், ஆனால் நீதிக்காவலனாக அல்ல. உள்ளிருந்தபடியே மற்றவர்களை ஆட்டிவைக்கிற, கிட்டப் போகப் பயப்பட வேண்டிய பழைய ஸ்பைடர். ஆறே இதழ். அடுத்த வாரத்துக்கு அவனைப் பத்திரப்படுத்தி வைக்க வேண்டிய அவசியம் எந்த ஆசிரியருக்கும் இல்லை, வாசகர்களும் பிள்ளைகள் இல்லை. 1966இல் மேசையில் இருந்த இரண்டு நெருக்கடியும் போனதும், ஆள் முதல் இதழின் கள்ளனாகத் திரும்பி வந்துவிட்டான்.

தமிழில் அவன் திரும்பவில்லை. சிவகாசி அவனுடைய பழைய கதைகளை மறுபதிப்புச் செய்துகொண்டிருக்கிறது. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் தலை நரைத்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று சிரிக்கிறார்கள். சிரிப்பதிலும் நியாயம் இருக்கிறது, குமிழிக்குள் ஆளை அடைத்துக் கடத்துகிற கதையை இன்று யார் நம்புவார்கள்? ஆனாலும் அந்தப் பழைய ஆட்களிடம் ஆல்பியனில் வந்த ஸ்பைடரைக் காட்டினால் கோபம் வரும். "இவன் எங்க ஆளு இல்ல" என்பார்கள்.